பட்டு ஸ்கார்ஃபில் பழைய சிங்கப்பூர் வரைபடம்: கோடு கலங்குகிறது, சாயம் இறங்குகிறது. பிழை எங்கே?

கல்லாங்_கயல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தை மாதத் திருமணத்துக்கு வெளியூரிலிருந்து வரும் உறவினர்களுக்குத் தாம்பூலப் பையோடு கொடுக்க, 90 செ.மீ. சதுரத்தில் 40 பட்டு ஸ்கார்ஃப் தேவைப்படுகிறது. படம், லெஃப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் வரைந்து 1828-இல் அச்சேறிய சிங்கப்பூர் நகரத் திட்டம். அதில் ஆற்றோரம் 'சூலியா கம்போங்' (தென்னிந்தியர்களான சூலியாக்களின் குடியிருப்பு) என்று குறித்திருக்கிறது. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம்.

மாதிரிக்கு ஒன்று அச்சடித்து வாங்கியாயிற்று. கடையில் சொன்னது 16 மொம்மி (பட்டின் எடை அளவு) ட்வில் (சாய்வரி நெசவு) பட்டு, அமிலச் சாய மை. கையில் வந்தபோது சரியாக 90 × 90. எடை 43 கிராம். குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசியதும் கறுப்பு இறங்கி, இளமஞ்சள் பின்னணி சாம்பல் பூத்தது. காய்ந்த பிறகு அளந்தால் 88 × 86.5. பின்பக்கம் வெளிறிக் கிடக்கிறது. தெருப் பெயர் ஒன்றுகூடப் படிக்க வரவில்லை. ஓரம் பீக்கோ அடித்தது, அலை அலையாக நெளிகிறது. படக் கோப்பு இணையத்தில் எடுத்தது, அகலம் 3,200 பிக்சல்.

துணி தவறா, மை தவறா, கோப்பு தவறா? இரண்டாவது மாதிரி அடிக்கும் முன் எதை மாற்ற வேண்டும்?

சாயக்குடம் பதில்:

வணக்கம் கயல். எடையையும் அளவையும் சேர்த்துக் கொடுத்தது நல்லதாயிற்று. பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் துணி. 1 மொம்மி என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 4.34 கிராம். உங்கள் சதுரம் 0.81 ச.மீ. 43-ஐ 0.81-ஆல் வகுத்தால் 53 கிராம். அதை 4.34-ஆல் வகுத்தால் 12 மொம்மிக்குச் சற்று மேல். 16 மொம்மியாக இருந்தால் 56 கிராம் காட்ட வேண்டும், 14 மொம்மி என்றால் 49. சமையலறைத் தராசு இருந்தால் யாரும் பார்த்துவிடலாம். பட்டுதானா என்ற சந்தேகமும் இருந்தால் ஓரத்தில் நான்கு இழை பிரித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். உங்களுடையது பட்டாகத்தான் இருக்கும். பாலியஸ்டரில் வெப்பமாற்று முறையில் அடித்த சாயம் குளிர்ந்த நீரில் இப்படி இறங்காது.

சாயம் இறங்கியது, கழுவியதும் சுருங்கியது, பின்பக்கம் வெளிறியது: மூன்றுக்கும் மூலம் ஒன்றே. நீராவியும் போதவில்லை, அதன் பிறகு முழுமையாகக் கழுவவும் இல்லை. அமிலச் சாயம் பட்டுக்குள் ஏறும் விதத்தைச் சொன்னால் புரியும். அச்சுக்கு முன் துணிக்கு ஒரு பசைப் பூச்சு கொடுப்பார்கள். பிசின், யூரியா, அமிலம் விடும் உப்பு ஆகிய மூன்றும் அதில் இருக்கும். ஒரு கிலோ பசைக்கு யூரியா 50 முதல் 100 கிராம், அம்மோனியம் சல்ஃபேட் 30 முதல் 50 கிராம் என்பது வழக்கமான அளவு. பிசினுக்குக் கொத்தவரை விதைப் பிசின்தான் இங்கே நல்லது. கடற்பாசி ஆல்ஜினேட் அமிலச் சூழலில் கட்டிதட்டும். மை இந்தப் பூச்சின் மேல்தான் விழுகிறது. அந்த நிலையில் அது துணியைத் தொட்டிருக்கிறதே ஒழிய இழைக்குள் போகவில்லை. 100 முதல் 102 டிகிரி வரையுள்ள ஈர நீராவியில் 30 முதல் 45 நிமிடம் இருக்கும்போதுதான் யூரியா ஈரத்தை இழுத்துச் சாயத்தைக் கரைக்கிறது, உப்பு அமிலத்தை விடுகிறது, சாயம் இழையில் கட்டுகிறது. 15 நிமிடத்தில் எடுத்துவிட்டால் பாதிச் சாயம் பசையிலேயே நின்றுவிடும். முன்பக்கம் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். பின்பக்கத்துக்கு ஊடுருவியிருக்காது. முதல் தண்ணீரிலேயே எல்லாம் கிளம்பும்.

அளவு சுருங்கியதும் அதையே சொல்கிறது. பட்டறையில் நீராவி காட்டி நன்றாக அலசியிருந்தால், அங்கேயே சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியிருக்கும். உங்கள் கையில் வந்த பிறகு ஒரு பக்கம் 2.2 விழுக்காடும் இன்னொரு பக்கம் 3.9 விழுக்காடும் குறைந்தால், அந்தத் துணி அதற்கு முன் சரியாக நனையவே இல்லை என்றுதான் பொருள்.

கழுவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதல் தண்ணீர் குளிர்ந்ததாக, தாராளமாக, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டாத சாயம் அப்போதுதான் வெளிர் நிறத்தில் போய் ஒட்டாமல் அடித்துச் செல்லப்படும். பிறகு 40 டிகிரி வெந்நீரில் நடுநிலைச் சோப்புத் திரவம், மறுபடி அலசல், கடைசித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். ஈரத்துணியை மடித்து ஐந்து நிமிடம் வைத்தாலே எதிர்ப்பக்கத்தில் நிழல் விழுந்துவிடும். உங்கள் பின்னணி சாம்பல் பூத்தது இப்படித்தான்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பூச்சு கொடுத்த பட்டில் யூரியா இருப்பதால், சிங்கப்பூர்க் காற்றில் திறந்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன் மேல் மை விழுந்தால் அரை மில்லிமீட்டர்க் கோடு ஒரு மில்லிமீட்டராகப் படரும். அச்சு அறையில் ஈரப்பதம் 50, 60 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா, துணிச் சுருளைச் சிலிக்கா ஜெல் போட்டு மூடிய உறையில் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இரவில் ஏர்கானை நிறுத்திவிட்டுக் காலையில் அதே சுருளில் தொடர்ந்து அடிக்கும் இடமாக இருந்தால், முதல் இரண்டு மூன்று ஸ்கார்ஃபின் கோடுகள் மற்றவற்றைப் போல இருக்காது.

பட்டில் வரைபடம் அடிப்பவர்களுக்கு இது பழைய தலைவலி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் எம்ஐ9 பிரிவு, எதிரி நாட்டில் மாட்டிக்கொள்ளும் வீரர்கள் மறைத்து வைத்துக்கொள்ளப் பட்டில் வரைபடம் அச்சிட்டது. தாள் போலச் சலசலக்காது, நனைந்தாலும் கிழியாது என்பதால் பட்டு. அங்கும் முதலில் மை படர்ந்தது. பழக்கூழைக் கெட்டியாக்கும் பெக்டினை மையில் கலந்த பிறகுதான் கோடு நின்றது. அன்று மைக்குள் போன வேலையை இன்று துணிமேல் பூச்சு செய்கிறது. பூச்சு சரியில்லாமல் வேறு எதைத் திருத்தியும் பயனில்லை.

பழைய_வரைபடம் பதில்:

துணி, சாயம் பற்றி மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவையெல்லாம் சரியாக அமைந்தாலும் அந்தக் கோப்பில் தெருப் பெயர் தெரியாது. 3,200 பிக்சலை 90 செ.மீ.க்கு விரித்தால் அங்குலத்துக்கு 90 புள்ளிகள்தான். ஒரு புள்ளி 0.28 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு ஏழு புள்ளிகள் கிடைக்கும். தாளிலேயே தடுமாறும், பட்டில் கேட்கவே வேண்டாம். 200 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 200 புள்ளிகள் வேண்டுமென்றால் சுருங்கும் அளவையும் சேர்த்து 94 செ.மீ.க்கு 7,400 பிக்சல் தேவை. மென்பொருளால் பெரிதாக்கிய கோப்பு இதற்கு உதவாது. எழுத்தை அது ஊகித்து வரையும். பழைய எழுத்துருவில் அந்த ஊகம் பிழையாகவே முடியும்.

அதைவிட நல்ல வழி, ஸ்கேனை அடியில் போட்டு மேலே வெக்டராக (புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகவே சேமிக்கும் கோப்பு) முழுவதையும் திரும்ப வரைவது. கடற்கரை, ஆறு, தெரு, கட்டடம், எழுத்து என ஐந்து அடுக்கு. இரண்டு மூன்று நாள் வேலைதான், ஆனால் பிறகு எந்த அளவுக்கும் அதே கோப்பு போதும். பழைய தாளின் மஞ்சள், மடிப்புக் கோடு, பூஞ்சைப் புள்ளி ஆகியவற்றை 'பழமை' என்று விட்டுவைக்க ஆசை வரும். விடாதீர்கள். அந்த மஞ்சளுக்குள் ஸ்கேனர் கறுப்பையும் நீலத்தையும் சேர்த்திருக்கும். பட்டில் அது அழுக்குப் படிந்த துணி போலத்தான் தெரியும். பின்னணிக்குக் கறுப்புக் கலக்காத ஒரே தட்டை நிறம் கொடுங்கள்.

கோட்டின் தடிமனுக்கு என் கணக்கு: வெளிர் நிறத்தின் மேல் அடர்ந்த கோடு 0.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அடர்ந்த நிறத்துக்குள் வெள்ளைக் கோடு என்றால் 0.8 மி.மீ. இரு பக்கமும் மை படர்ந்து வெள்ளையைத் தின்றுவிடும் என்பதால் இந்தக் கூடுதல். நிழல் காட்டப் பழைய வரைஞர்கள் நெருக்கமாக இழுத்த சாய்கோடுகளில்தான் பலரும் தவறுவார்கள். இடைவெளி கோட்டின் தடிமன் அளவுக்காவது இல்லையென்றால் அந்தப் பகுதி முழுக்க ஒரே கருமைத் திட்டு. ஒன்றுவிட்டு ஒன்றை அழித்துவிடுங்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கோட்டுக்குக் கறுப்பு வேண்டாம். கரும்பழுப்போ ஆழ்நீலமோ எடுங்கள். அடர்கறுப்புக்குத்தான் சாயம் அதிகம் கொட்ட வேண்டியிருக்கிறது, இறங்குவதும் முதலில் அதுதான்.

ஜாக்சன் திட்டம் அகலவாட்டில் நீண்டது. சதுரத்தை நிரப்ப மேலும் கீழும் இழுத்துவிட்டால் ஊரே உருமாறும். அதை அப்படியே வைத்து, மேலும் கீழும் மிஞ்சும் பட்டையில் தலைப்பு, திசைகாட்டி, அளவுகோல், கரை வேலைப்பாடு கொடுங்கள். அளவைச் சொற்களில் எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள், பெரிதாக்கியதும் அது பொய்யாகிவிடும். கோடாக வரைந்த அளவுகோல் படத்தோடு சேர்ந்து வளரும், அது இருக்கலாம்.

இன்னொன்று, இதில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். ஜாக்சன் வரைந்தது 1822-ஆம் ஆண்டு இறுதியை ஒட்டிய திட்டம். ஊர் எப்படி அமைய வேண்டும் என்று ராஃபிள்ஸ் எண்ணியதன் வரைவு. அதில் உள்ள நேர்நேரான தெருக்கள் எல்லாம் அன்று தரையில் இருந்தவை அல்ல. எனவே 'சிங்கப்பூர், 1822' என்று மட்டும் போட்டால் தவறான பொருள் தரும். 'நகரத் திட்டம்' என்ற சொல் இருக்கட்டும். உறவினருக்குப் பிடிக்கும் என்று மாரியம்மன் கோயிலையும் ஜாமியா சூலியா பள்ளிவாசலையும் நாகூர் தர்காவையும் படத்துக்குள் சேர்க்கத் தோன்றும். பள்ளிவாசல் 1826, கோயில் 1827, தர்கா 1828 முதல் 1830 வரை. மூன்றுமே திட்டம் வரைந்த பிறகு வந்தவை. அவற்றைக் கரையில் சிறு ஓவியமாக வையுங்கள், வரைபடத்துக்குள் நடாதீர்கள். உண்மையாக அளந்து வரைந்த ஊர் வேண்டுமென்றால் கட்டடக் கலைஞர் கோல்மனின் அளவையிலிருந்து 1836-இல் கல்கத்தாவில் கல்லச்சில் வந்த வரைபடம் இருக்கிறது.

உரிமை பற்றிச் சுருக்கமாக. 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரைபடமும் ஓவியப் படைப்பில் அடங்கும். வரைந்தவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை. ஜாக்சனுக்கும் கோல்மனுக்கும் அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் ஸ்கேன் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி. தேசிய நூலக வாரியம், தேசிய ஆவணக் காப்பகம் போன்றவற்றின் படங்களுக்குப் பயன்பாட்டு விதிமுறை உண்டு, அதைப் படித்து, தேவையானால் எழுதிக் கேட்டு அனுமதி பெறுங்கள். டேவிட் ரம்சி என்ற இணைய வரைபடத் தொகுப்பின் ஸ்கேன்கள் வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும். கல்யாணப் பரிசு வேறு, நாளை அதையே கடையில் விற்பது வேறு. அண்மைக் காலத் தெரு வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து வரைவது மட்டும் கூடவே கூடாது. கையால் திரும்ப வரைந்தாலும் நகல் நகல்தான்.

நூலும்_இழையும் பதில்:

ட்வில்லையே எல்லாரும் சொல்வார்கள். வரைபடத்துக்கு அது முதல் தேர்வா என்பது எனக்குச் சந்தேகம்தான். ட்வில் நெசவில் மூலைவாட்டாக ஒரு வரி ஓடும். அதே சாய்வில் போகும் மெல்லிய தெருக்கோடு அந்த வரிக்குள் மறைந்து, விட்டு விட்டுத் தெரியும். கோடு நறுக்கென்று நிற்க வேண்டுமானால் 16 அல்லது 19 மொம்மி சாட்டினின் பளபளப்பான முகம் நல்லது. ஆனால் சாட்டின் வழுக்கும், முடிச்சு நிற்காது, மோதிரமோ வளையலோ பட்டால் இழை இழுக்கும். கழுத்தில் கட்டப் போகிறவர்களுக்கு ட்வில்லே வசதி. அப்படியானால் 14 மொம்மிக்குக் கீழே போகாமல், கோட்டை 0.6 மி.மீ. ஆக்குங்கள். ஹபோட்டாய் என்ற மெல்லிய சாதா நெசவுப் பட்டு 8 மொம்மியில் மறுபக்கம் வரை நன்றாக ஊறும், விலையும் குறைவு. ஆனால் 28 கிராம் துணி கழுத்தில் நிற்காமல் சுருண்டுவிடும், பார்க்கவும் மலிவாக இருக்கும்.

பின்பக்கம் முன்பக்கம் போலவே இருக்காது. 14, 16 மொம்மியில் நீராவி சரியாகக் கொடுத்தால் பின்புறம் ஒரு படி வெளிறியிருக்கும், அவ்வளவுதான். அதற்காகப் பின்னாலும் ஒருமுறை அடிக்கச் சொல்லாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் எல்லாத் தெருவும் இரட்டைத் தெருவாகிவிடும்.

யாரும் சொல்லாத ஒன்று, மடிப்பு. வரைபடத்தின் முக்கியமான இடத்தை நடுவில் வைப்பது வழக்கம். ஸ்கார்ஃபை முக்கோணமாக மடித்துக் கட்டினால் நடுப்பகுதி மடிப்பில் போய்ப் பிடரியில் உட்காரும். வெளியே தெரிவது தொங்கும் மூலையும் அதை ஒட்டிய ஒரு சாண் துணியும். ஆகவே சூலியா கம்போங்கும் ஆறும் மூலையிலிருந்து 15 முதல் 35 செ.மீ.க்குள் விழும்படி படத்தைத் தள்ளி அமையுங்கள். ஜாக்சன் திட்டத்தில் ஆறு இடப்பக்கம், அரபு கம்போங்கும் புகிஸ் கம்போங்கும் வலப்பக்கம் என்பதால் இது எளிதாகவே அமையும். ஏ4 தாள்களில் அச்சடித்து, ஒட்டி, 90 செ.மீ. சதுரமாக்கி, மடித்துக் கண்ணாடி முன் வைத்துப் பாருங்கள். பட்டில் கைவைக்கும் முன் இதைச் செய்தால் ஒரு மாதிரியின் செலவு மிச்சம்.

சுருக்கத்துக்கு இப்படிச் செய்யுங்கள். பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஒரே அளவு சுருங்காது, பெரும்பாலும் பாவு வாட்டில்தான் அதிகம். முதலில் அதே சுருளில் 50 × 50 செ.மீ. சதுரக் கோடு மட்டும் அடித்து, நீராவி காட்டி, கழுவி, இஸ்திரி போட்டு அளக்கச் சொல்லுங்கள். பாவில் 48, ஊடையில் 49 என்று வந்தால் படத்தைப் பாவு வாட்டில் 1.042 மடங்கும் ஊடை வாட்டில் 1.02 மடங்கும் பெரிதாக்கி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் திசைகாட்டி வட்டம் முட்டை வடிவமாகும், அளவுகோல் ஒரு திசைக்கு மட்டும் பொருந்தும்.

கல்லாங்_கயல்:

மூவருக்கும் மிக்க நன்றி. பீக்கோ பற்றியும் வழி சொல்லுங்கள். கரையில் தமிழிலும் இடப்பெயர் போட நினைக்கிறோம்: சூலியா கம்போங், சிங்கப்பூர் ஆறு, அரபு கம்போங். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? 40-க்கு எத்தனை மீட்டர் துணி எடுக்க?

பழைய_வரைபடம்:

தமிழ் எழுத்துக்கு ஆங்கிலப் பேரெழுத்தின் கணக்கு ஒத்துவராது. ஆங்கிலத்தில் 3 மி.மீ. உயரம் போதும். தமிழில் ண, ணை, ஞ, இ போன்றவற்றின் சுழிக்குள் மை படர்ந்து அடைத்துவிடும். குறைந்தது 4.5 மி.மீ., முடிந்தால் 5. ஒரே தடிமனுள்ள, சுழி அகன்ற எழுத்துருவை எடுங்கள். தடித்த எழுத்து தெளிவாக இருக்கும் என்று நினைப்பது தவறு, அதில்தான் சுழி முதலில் அடைபடும். மெய்யெழுத்தின் புள்ளி தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். 0.6 மி.மீ.க்குக் குறைந்தால் அது துணியில் காணாமல் போய், 'கம்போங்' என்பது 'கமபோங' ஆகிவிடும்.

அனுப்பும் முன் எல்லா எழுத்தையும் வெளிக்கோடுகளாக மாற்றிவிட்டே பிடிஎஃப் எடுங்கள். அச்சகக் கணினியில் தமிழ் சரியாக அமையாவிட்டால் 'போ'வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு அது பிழையாகவே படாது, 40-லும் அப்படியே வந்துவிடும்.

ஊசிமுனை பதில்:

பீக்கோ சேலைத் தலைப்புக்கு ஏற்றது. நெருக்கமாக நூல் ஏறுவதால் மெல்லிய பட்டில் ஓரம் நீண்டு, கீரைத்தண்டு போல நெளியும். ஸ்கார்ஃபுக்கு இரண்டே வழி. ஒன்று, தையல் இயந்திரத்தில் 2 மி.மீ. சுருட்டுப் பாதம் வைத்து நேர்த்தையல். ஊசி 60 அல்லது 65 எண், கூர்முனை, புதிது. நூல் மெல்லிய பட்டு நூல், அழுத்தம் தளர்வு. தடித்த பாலியஸ்டர் நூல் போட்டால் துணி சுருக்கம் பிடிக்கும். இன்னொன்று, கையால் உருட்டித் தைப்பது. ஓரத்தை 2, 3 மி.மீ. தடிமனுக்கு விரலால் உருட்டி, 5 மி.மீ.க்கு ஒரு மறைதையல். சுற்றளவு 3.6 மீட்டர், அதாவது ஒரு ஸ்கார்ஃபுக்கு 720 தையல், நாற்பதுக்கு 28,800. பார்க்க அதற்கு ஈடில்லை, ஆனால் தேக்கா சந்தை மாடித் தையல்காரர் யாராவது ஒப்புக்கொண்டாலும் தைக்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டும். பிரெஞ்சுப் பாணியில் உருட்டு முன்முகத்தில் வரும், எனவே கரைக்கு வெளியே 10 மி.மீ. ஒரே நிறமாக விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் உருட்டில் கரைக்கோலத்தின் துண்டுகள் எட்டிப் பார்க்கும். மூலையில் நுனியை 2 மி.மீ. நறுக்கிவிட்டு உருட்டினால் முண்டு விழாது. இஸ்திரிப் பெட்டியை உருட்டின் மேல் ஏற்றவே கூடாது, தட்டையாகிவிட்டால் மறுபடி எழும்பாது.

ஓரம் நெளிய இன்னொரு காரணமும் இருக்கலாம். துணி கோணலாக இயந்திரத்தில் ஏறியிருந்தால் படச் சதுரம் நெசவோடு பொருந்தாது. ஓர் ஊடை இழையை மெல்ல இழுத்துப் பாருங்கள். அந்த வரியும் படத்தின் கரையும் 90 செ.மீ. தூரத்தில் ஒரு செ.மீ.க்கு மேல் விலகினால் எந்தத் தையலும் அதைக் காப்பாற்றாது.

துணிக் கணக்கு. 140 செ.மீ. அகலத்தில் இரு பக்க விளிம்பும் போக 136 செ.மீ. கிடைக்கும். ஸ்கார்ஃப் ஒன்றுக்கு 94 செ.மீ. வைத்தால் 40-க்கு 37.6 மீட்டர். தொடக்கமும் முடிவும் சேர்த்து 2 மீட்டர், பழுதுக்கு 2 ஸ்கார்ஃப் கூடுதல், எல்லாம் சேர்த்து 42 மீட்டர் சொல்லுங்கள். பக்கத்தில் 40 செ.மீ. பட்டை சும்மா போகும். அதில் ஒவ்வொரு ஸ்கார்ஃபுக்கும் பக்கத்திலேயே 36 செ.மீ. அச்சில் இரண்டு சதுரம் அமையும். தைத்தால் 33 செ.மீ. சட்டைப்பைக் கைக்குட்டை 80 கிடைக்கும், ஆண்களுக்கு அதைக் கொடுக்கலாம். துணிக்குத் தனியாகப் பணம் இல்லை, மைக்கும் தையலுக்கும் மட்டும்தான்.

கல்லாங்_கயல்:

கைக்குட்டை யோசனை அருமை, வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கடைசியாக இரண்டு கேள்விகள். இரண்டாவது மாதிரி வந்ததும் எதைச் சோதித்துவிட்டு மொத்த ஆர்டருக்குச் சம்மதம் சொல்வது? வெளிநாட்டில் அடித்து வரவழைத்தால் வரி உண்டா?

சாயக்குடம்:

வரிக்கு முதலில் பதில். துணிக்கு இங்கே சுங்கத் தீர்வை கிடையாது. ஆனால் பொருள், அனுப்பும் செலவு, காப்பீடு சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால் இறக்குமதியின்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும். 40 பட்டு ஸ்கார்ஃப் அந்த எல்லையைத் தாண்டிவிடும், அதையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

மாதிரியைக் கழுவாமல் ஏற்காதீர்கள். முதலில் எடை, மேலே சொன்ன கணக்கு. பிறகு வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மிக அடர்ந்த இடத்தில் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். லேசான சாயல் வரலாம், கோடு தெரியும் அளவுக்கு வரக் கூடாது. நம் ஊருக்கு வியர்வைச் சோதனைதான் முக்கியம். லிட்டருக்கு 5 கிராம் உப்பு கரைத்த நீரில் ஸ்கார்ஃபின் ஒரு மூலையையும் வெள்ளைப் பருத்தித் துணியையும் நனைத்து, ஒட்டி, இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே கனமான புத்தகம் ஏற்றி, உடம்புச் சூடு அளவுள்ள இடத்தில் 4 மணி நேரம் வையுங்கள். பிரித்துப் பார்த்தால் வெள்ளைச் சட்டைக் காலரில் என்ன நடக்கும் என்று தெரிந்துவிடும். பிறகு முழு ஸ்கார்ஃபையும் இரண்டு முறை கழுவி அளந்து பாருங்கள். ஒரு விழுக்காட்டுக்கு மேல் சுருங்கினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எல்லாம் தேறினால் அந்த மாதிரியை இரண்டாக வெட்டி, பாதி அச்சகத்தில், பாதி உங்களிடம். 40 வந்ததும் அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட அதைவிட நல்ல சான்று இல்லை.

நூலும்_இழையும்:

பையில் போடும் குறிப்புச் சீட்டில் இவற்றைச் சேர்த்துவிடுங்கள்: குளிர்ந்த நீரில் கைக்கழுவல், என்சைம் இல்லாத சோப்பு. கறை நீக்கும் புரத என்சைம் பட்டையும் புரதமாகவே பார்க்கும், நூலைத் தின்றுவிடும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுக்க வேண்டும். மூங்கில் கழியில் வெயிலில் போட்டால் வெளிர் நிறம் மஞ்சளாகும், நிழலில் காயட்டும். வாசனைத் திரவியமும் கைத்தூய்மித் திரவமும் உலர்ந்த பிறகே கட்ட வேண்டும். ஆல்கஹால் பட்ட இடத்தில் சாயம் வளையம் கட்டும்.

திருமணம் வரை நீங்கள் வைத்திருக்கும் வாரங்களில் பிளாஸ்டிக் உறையில் அடைக்காதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு அலமாரி ஈரத்தில் பூஞ்சை புள்ளி புள்ளியாக வரும், பழைய வரைபடத்தின் கறை என்று அப்போது சொல்லவும் முடியாது. பட்டுச் சேலையை வைப்பது போலவே துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, மடிக்காமல் அட்டைக் குழாயில் உருட்டி வைத்து, பை நிரப்பும் அன்று மடியுங்கள்.